வராந்தாவில் இரண்டு பேர்

எனக்குக் கோபம் வந்தால் மூக்கு சிவந்துவிடும் என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். அன்று காலையிலிருந்தே அது சிவந்துதான் கிடந்தது.

ஏழாம் வகுப்புப் பாண்டியம்மாளைக் கணக்கு வாத்தியார் தனிஸ்லாஸ் மறுபடியும் வெளியே அனுப்பிவிட்டார். வீட்டுக்கணக்கு ஏன் போடவில்லை என்று கேட்டிருக்கிறார். "கரண்டு இருக்கைல தறி ஓடும் சார், எழுத முடியல!" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். எதிர்த்துப் பேசுகிறாயா, வெளியே போ என்றிருக்கிறார். போகிற ஆத்திரத்தில் அவள் பெஞ்சை எத்த, மைக்கூடு கவிழ்ந்து தரையெல்லாம் மை. வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றவள் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டாள்.

எங்கள் தலைமையாசிரியர் கிறிஸ்துராஜுக்குப் பிரம்பு பிடிக்காது. வெளியே நிற்க வைப்பது நாகரிகமான தண்டனை என்று அவருக்குப் பெருமை. ஆனால் அங்கே நிற்பவர்கள் எப்போதும் செல்லூர்த் தறிக்கூலிகளின் பிள்ளைகள்தான். ஆபீசர் வீட்டுப் பிள்ளை ஒன்று நின்று நான் பார்த்ததே இல்லை.

"சாயங்காலம் டி.சி. எழுதிருவேன் டீச்சர். இவளால மத்த பிள்ளைகளும் கெடுது" என்றார் தலைமையாசிரியர்.

"தண்டிக்க வேண்டாம்னு சொல்லல சார். உள்ள வச்சுத் தண்டிப்போம். மையைக் கொட்டுனவளே தேச்சுக் கழுவட்டும். விட்ட கணக்கை மத்தியானம் என் பக்கத்துல உக்காந்து போடட்டும். வெளிய நிக்கிறதுல என்னத்தக் கத்துக்குவா? வீட்டுக்குப் போற வழியத்தான்."

"அடங்குற பிள்ளைக்கு அதெல்லாம் சரி. வாத்தியார்கிட்டயே கத்துறவள என்ன செய்ய?"

என்னிடமும் அவள் அப்படித்தான் பேசுவாள். ஆனாலும் விட மனம் வரவில்லை. சாப்பாட்டு மணி அடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு செல்லூருக்கு நடந்தேன்.

அவள் அப்பா சிவனாண்டி விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுகிறவர். தறிக்கூடத்தின் பின்னறையில்தான் குடித்தனம். உள்ளே நுழைந்ததும் தறிச் சத்தம் காதில் இடியாக விழுந்தது. கூப்பிட்டேன், யாரும் திரும்பவில்லை. "உங்க மகளுக்கு டி.சி. குடுக்கப் போறாங்கண்ணே!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"டி.சி.யக் குடுத்துருங்க டீச்சர்! நாளையிலருந்து இங்கனயே வேலை பாத்துக்கிருவா! கூலியாவது வரும்!" என்று அவர் பதிலுக்குக் கத்தினார். முகத்தில் துளிக் கோபம் இல்லை. அதே குரலில், "காப்பி குடிக்கிறீகளா?" என்றும் கத்தினார். மூலையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த பாண்டியம்மாள் எழுந்து, "வாங்க டீச்சர்!" என்று கத்தினாள். அந்த இரைச்சலுக்குள் ஒரு கைக்குழந்தை தொட்டிலில் நிம்மதியாகத் தூங்கியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த வீட்டில் யாரும் கத்தவில்லை, பேசுகிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சிவனாண்டியிடம் வெகுநேரம் மன்றாடினேன். "இன்னைக்கு மட்டும் எங்கூட அனுப்புங்கண்ணே! டி.சி. குடுத்துட்டா உங்க இஷ்டம்!" கடைசியில் தலையசைத்தார். அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தேன்.

தலைமையாசிரியர் அறையில் தனிஸ்லாஸும் இருந்தார். டி.சி. புத்தகம் மேஜைமேல் திறந்து கிடந்தது. மூச்சு வாங்க, பார்த்ததையெல்லாம் சொன்னேன். தலைமையாசிரியர் பாதியிலேயே எழுந்துவிட்டார்.

"எதுக்கு டீச்சர் இப்படிக் கத்துறீங்க?"

"நான் கத்தலையே சார்!"

பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். தனிஸ்லாஸ் வாயைப் பிளந்தார். என் காதுக்குள் தறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. குரலைக் குறைக்கலாம் என்று தோன்றியது, வேண்டுமென்றே குறைக்கவில்லை.

"கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்ததுக்கே எனக்கு இப்படி! அவ பொறந்ததுலருந்து அங்கதான் சார் கிடக்கா! இது திமிருன்னா, நானும் திமிர் பிடிச்சவதான்!"

சொல்லிவிட்டு வராந்தாவில் போய் நின்றேன். பாண்டியம்மாள் முழித்துவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"உள்ள வாங்க டீச்சர், பிள்ளைக பாக்குது" என்றார் தலைமையாசிரியர்.

"இவளும் வந்தாத்தான் சார்!"

அவர் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். டி.சி. புத்தகத்தை மூடி மேஜைக்குள் தள்ளினார்.

தனிஸ்லாஸ்தான் முதலில் வெளியே வந்தார். கையில் ஒரு பழந்துணி. அதை அவளிடம் நீட்டி, "மை காஞ்சு போச்சு, நல்லாத் தேய்க்கணும். முடிச்சிட்டு முதல் பெஞ்சுல வந்து உக்காரு, விட்ட கணக்கைப் போடலாம்" என்றார்.

"சரிங்க சார்!"

பள்ளிக்கூடமே திரும்பிப் பார்த்தது. தனிஸ்லாஸ் ஒரு அடி பின்வாங்கினார். பிறகு, அவளுக்குக் கேட்கட்டும் என்று அவரும் கத்தினார்:

"உள்ள வா!"