கேபிளை அசைக்காமல்

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, லிங்கராஜபுரம் மெயின் ரோட்டில் இருக்கும் டோரதியின் கடைப்படி ஏறும்போது கிளெமென்ட்டுக்கு அங்கே இரண்டு வேலைகள் இருந்தன. போனில் உள்ள ரெக்கார்டிங்குகளையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்ற வேண்டும். அப்புறம், என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்கிறீர்களா என்று டோரதியைக் கேட்க வேண்டும். தங்கை கேரலிடம் முதல் வேலையை மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

இரண்டுக்கும் இனி நாள் இல்லை. போன் திரையில் ஒரு பச்சைக் கோடு விழுந்து இரண்டு வாரமாகிறது. சார்ஜ் போடும் இடமும் தளர்ந்து போயிருந்தது. ரிப்பேர்க்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலு நாள் ஓடிச்சுன்னா உங்க அதிர்ஷ்டம் சார்" என்று சொல்லி ஐந்து நாள் ஆகிவிட்டது.

டோரதி விஷயத்தில் கெடு வைத்தவர் அவளுடைய அண்ணன் நோயல். வியாழக்கிழமை கோயில் வாசலில் அவனைப் பிடித்து நிறுத்தினார். "மாஸ்டர், இந்த ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ப்ராக்டீஸ் கீக்டீஸ்னு டோரதிய நிறுத்தி வெச்சிக்காதீங்க. ஓசூர்லருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சாப்பாட்டுக்கு வராங்க. அன்னிக்கே பேசி முடிச்சிடலாம்னு இருக்கோம்."

"சந்தோஷம்" என்றான் கிளெமென்ட். வாயில் வந்தது அந்த ஒரு வார்த்தைதான்.

கிளெமென்ட்டுக்கு நாற்பத்து நான்கு வயது. லிப்ட் பராமரிக்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். சனி, ஞாயிறுகளில் கோயில் பாடகர் குழுவை நடத்துவதால் பேட்டையில் எல்லாருக்கும் அவன் மாஸ்டர். ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது கேட்டால் "அமையல" என்பான். உண்மையில் ஒன்பது வருடத்துக்கு முன்பே அமைந்துவிட்டது. சம்பந்தப்பட்ட பெண்ணிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. டோரதிக்கு முப்பத்தொன்பது. அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போய்க் கூட்டி வந்ததிலேயே அவளுக்கு ஆறு வருடம் கழிந்தது. அப்பா போன பிறகு நோயல் முழு மூச்சாக வரன் தேட ஆரம்பித்தார்.

அவள் கடையில் டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன் மூன்றும் உண்டு. உள்ளே இரண்டு பேர் நிற்கலாம். மூன்றாவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"வாங்க மாஸ்டர். ப்ராக்டீஸ் ஆறு மணிக்குத்தானே?"

"போன் போகப் போகுது. ஒம்போது வருஷ ப்ராக்டீஸ் ரெக்கார்டிங் இதுலதான் இருக்கு. உங்க கம்ப்யூட்டர்ல ஏத்தினா, பென்டிரைவ்ல எடுத்துக்குவேன்."

"நெட்ல ஏத்தி வெக்கலாமே?"

"கேரல் ஏத்திப் பார்த்தா. ரெண்டு ஏறிச்சு. மிச்சம் அடுத்த கிறிஸ்மஸுக்குள்ள ஏறிடும்னு சொன்னா."

டோரதி ஒரு கேபிளை எடுத்து போனையும் கம்ப்யூட்டரையும் இணைத்தாள். கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை.

"சார்ஜ் மட்டும் ஏறுது. திரைய மேலேருந்து கீழ இழுங்க. 'ஃபைல் ட்ரான்ஸ்ஃபர்'னு ஒண்ணு வரும் பாருங்க, அத அமுக்குங்க."

பச்சைக் கோடு சரியாக அந்த எழுத்துகளின் மேலேயே போயிற்று. மூன்றாவது அமுக்கலில் கம்ப்யூட்டர் 'டங்' என்று மணியடித்து போனை ஏற்றுக்கொண்டது. அடுத்த நொடியே இன்னொரு மணியடித்து வெளியே தள்ளியது.

"லூசா இருக்கு. கேபிள எடது பக்கமா சாய்ச்சு, கட்டவெரலால அழுத்திப் புடிங்க. இன்னும் கொஞ்சம். ஆங், அப்படியே. இனிமே அசையவே கூடாது."

கிளெமென்ட் அசையவில்லை. நானூற்றுப் பதினேழு ரெக்கார்டிங்குகள் வரிசை கட்டி நகர ஆரம்பித்தன. மூன்று மணி நேரம் பத்து நிமிடம் ஆகும் என்றது கம்ப்யூட்டர். பிறகு இருபத்திரண்டு நிமிடம் என்றது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஒன்றரை மணி நேரம் என்றது. பதினெட்டு வருடமாக லிப்ட்டுகளோடு பழகியவனுக்கு இது புதிதில்லை. எண் நாலு என்று காட்டும், பெட்டி இரண்டாவது மாடியில் நின்றுகொண்டிருக்கும். பாதி ஏறியதும் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான்.

டோரதி மறுநாள் பூசைக்கான அறிவிப்புகளை டைப் அடித்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் திரையில் ஃபைல் ஏறுவதைக் காட்டும் பச்சைப் பட்டை பாதியைத் தாண்டியது.

"டோரதி."

"ம்?"

"நாளைக்கு…" என்று ஆரம்பித்தான். பேசும்போது கையைத் தூக்குவது பாட்டு நடத்துகிறவர்களின் பழக்கம். வலது கை தானாக எழுந்தது. கேபிள் அந்தக் கையில்தான் இருந்தது.

'டங்.'

"மாஸ்டர்!"

"சாரி."

"நாளைக்கு என்ன?"

"நாளைக்கு… வருகைப் பாடல மாத்தலாமான்னு."

"நேத்துதானே குரூப்ல போட்டீங்க, இதான் ஃபைனல்னு?"

"அதான். மாத்த வேணாம்."

டோரதி அவனை ஒரு கணம் பார்த்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தாள். அவன் முழங்கையை மேஜையின் மேல் ஊன்றவைத்து, கேபிளை மறுபடி சாய்த்துக் கொடுத்தாள். அவள் விரல்கள் இரண்டு விநாடி அவன் கட்டைவிரலின் மேல் இருந்தன. அந்த இரண்டு விநாடியும் கிளெமென்ட் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த நேரம் பார்த்து ஜீவனஹள்ளி ஆட்டோக்காரர் கோவிந்தப்பா மகளின் சர்டிபிகேட்டோடு வந்தார். அஞ்சு காப்பி வேண்டும், அர்ஜென்ட்.

"மெஷின் சூடாகணும் அண்ணா. பத்து நிமிஷம் ஒக்காருங்க."

அவர் வாசலோரத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து கிளெமென்ட்டைக் கவனித்தார். "ஏனம்மா, சாருக்கு என்ன ஆச்சு? ஷாக் அடிச்சிச்சா?"

"இல்லண்ணா, ஃபைல் ஏறுது."

"ஓ" என்றார் கோவிந்தப்பா, தனக்கும் அது அடிக்கடி நடப்பதுதான் என்பதுபோல்.

டோரதி நாற்காலியைத் திருப்பிப் போட்டு மவுஸைப் பிடித்தாள். "ஏறின வரைக்கும் செக் பண்ணிடறேன்."

கிளெமென்ட் அவசரமாகத் தடுத்தான். "வேணாம் டோரதி. சரியாத்தான் ஏறியிருக்கும்."

"தெறந்து பாக்காம நான் யாருக்கும் காப்பி குடுக்கறதில்ல. ஏறிடுச்சுன்னு நீங்க போன்ல அழிச்சிடுவீங்க, அப்புறம் இங்க ஒண்ணும் இருக்காது. போன மாசம்கூட ஒரு கல்யாண போட்டோ அப்படிப் போக இருந்துச்சு."

கையை விட்டால் அவளை நிறுத்திவிடலாம். ஆனால் பாதி ரெக்கார்டிங் போனிலேயே கிடந்து போனோடு போய்விடும். அவன் கையை விடவில்லை.

முதல் ரெக்கார்டிங் ஓடியது. மின்விசிறிச் சத்தம், பெஞ்ச் முனகல், யாரோ தொண்டையைச் செருமும் ஒலி. பிறகு ஒரு பெண் குரல் தனியாகப் பாடியது. ஆல்டோ, பெண்களின் கீழ்க்குரல் பகுதி. அதைத் தனியாகக் கேட்டால் அது எந்தப் பாட்டு என்றே பிடிபடாது. இரண்டு மூன்று சுரங்களுக்குள்ளேயே போய்ப் போய்த் திரும்பும். மற்ற இருபது பேரும் பக்கத்துத் தெருவில் வேறு ஏதோ விசேஷத்தில் பாடுவதுபோல் கேட்டது.

"இது நான்தானே?" என்றாள் டோரதி.

"மைக் சரியில்ல."

நடுவில் ஒன்றைத் திறந்தாள். அதிலும் அவள். பத்து தள்ளி இன்னொன்றைத் திறந்தாள். அதிலும் அவளேதான், இந்த முறை ஜலதோஷத்தோடு.

"நம்ம குரூப்ல அந்த ஜாய்சன் பாவம், ஆம்பளைங்க பாடற டெனர் பார்ட் அனுப்புங்க மாஸ்டர், அனுப்புங்க மாஸ்டர்னு ரெண்டு வருஷம் கெஞ்சினான். ஃபைல் பெருசு, வாட்ஸ்அப்ல போகாதுன்னீங்க."

"பெருசுதான்."

"டெனரே இல்லையே இதுல!"

"போன் வெக்க அங்கதான் எடம் இருந்துச்சு."

"எங்க, என் பெஞ்ச்லயா? வாரா வாரமா?"

கிளெமென்ட் கேபிளை இன்னும் கவனமாகப் பிடித்துக்கொண்டான். கோவிந்தப்பா நாற்காலியை அரை அடி உள்ளே நகர்த்திப் போட்டார்.

டோரதி பட்டியலை மேலும் கீழும் உருட்டினாள். எல்லாவற்றுக்கும் தேதிதான் பெயர். ஒன்றுக்கு மட்டும் வேறு பெயர் இருந்தது. அவள் அதைச் சத்தமாகப் படித்தாள். "'அழிக்கக் கூடாது.' இதென்ன?"

"அது வேணாம்."

அவள் திறந்தாள். பாட்டு முடிந்த பிறகு உள்ள பேச்சு. முதலில் பக்கத்தில் பாடும் ஆஞ்சலாவின் குரல்: "ஏய், மாஸ்டர் ஆளு நல்லாத்தானே இருக்காரு. ஏண்டி யாரும் கட்டிக்கல?" அடுத்தது டோரதியின் குரல், சிரிப்போடு: "அவரு கேட்டாத்தானே? என்கிட்ட கேட்டா நான் சரின்னுடுவேன்." பெஞ்ச் முனகியது. யாரோ பெப்பர்மின்ட் தாளைப் பிரித்தார்கள். ரெக்கார்டிங் முடிந்தது.

ஜெராக்ஸ் மெஷின் சூடாகிவிட்டதாகப் பச்சை விளக்குக் காட்டியது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

டோரதியின் முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது. "இது எப்போ?"

"நாலு வருஷம் ஆகுது. ஆகஸ்ட்."

"நீங்க கேட்டீங்களா இத?"

"கேட்டேன்."

"எத்தன தடவ?"

"அப்பப்போ." கொஞ்சம் நிறுத்தி, "தெனம்" என்றான்.

"தெனம் கேட்டுட்டு நாலு வருஷமா சும்மா இருந்தீங்களா?"

"பொதுவா சொல்றீங்கன்னு நெனச்சேன்."

"பொதுவாவா! 'என்கிட்ட'ன்னு சொல்றேன், அதுல என்ன பொது?" அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது. "நாளைக்கு ஓசூர்லருந்து எட்டுப் பேர் வந்து எங்க வீட்ல ஒக்காரப் போறாங்க. போட்டோவுல அந்த ஆளு நல்லாத்தான் இருக்காரு. நான் புதுப் புடவைக்கு ஃபால்ஸ் தெச்சிக்கிட்டு இருக்கேன். நீங்க இங்க ஃபைல் ஏத்த வந்திருக்கீங்க."

"ரெண்டு வேலையா வந்தேன்" என்றான் கிளெமென்ட். "ரெண்டாவது அதான்."

டோரதி அவனையே பார்த்தாள். பிறகு தன்னுடைய போனை எடுத்து, நோயலை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணா, ஓசூர்க்காரங்கள வர வேணாம்னு சொல்லிடு."

"என்னம்மா வெளையாடறியா? விடிஞ்சா வராங்க."

"மாஸ்டர் உன்கிட்ட பேசணுமாம்." கிளெமென்ட்டின் கை வேலையாக இருந்ததால் அவளே போனை அவன் வாயருகே பிடித்தாள்.

"நோயல், நான் கிளெமென்ட் பேசறேன். கோயில்ல பாட்டு…"

"தெரியும் மாஸ்டர், சொல்லுங்க."

"டோரதிய நான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். உங்களுக்குச் சம்மதமான்னு கேக்கத்தான்."

"அவகிட்ட கேட்டீங்களா?" என்றார் நோயல்.

கிளெமென்ட் டோரதியைப் பார்த்தான். "கேட்டேனா?"

"இல்ல."

"இல்லயாம்" என்றான் போனில்.

"மொதல்ல அவளக் கேளுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

கோவிந்தப்பா மரியாதைக்குத் தலையைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார். கிளெமென்ட்டின் வலது கை எழப் பார்த்தது. அவன் அதை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"டோரதி, என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா?"

ஒன்பது வருடமாகத் தள்ளிப்போட்டது நாலே வார்த்தைதான். சொல்லி முடிக்க மூன்று விநாடிகூட ஆகவில்லை. அதற்கு அப்புறம் என்ன செய்வதென்று அவன் யோசித்து வைத்திருக்கவில்லை.

டோரதி கையில் கிடைத்த துணியால் கண்ணைத் துடைத்தாள். அது மெஷின் துடைக்கும் துணி. கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. "பண்ணிக்கறேன்" என்றாள். பிறகு போனைப் பார்த்து, "கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு" என்றார் நோயல்.

"ஒள்ளேதாய்த்து" என்று கன்னடத்தில் வாழ்த்தியபடி கோவிந்தப்பா எழுந்து நின்றார். "ரொம்ப நல்லதாச்சும்மா."

"யாரது?" என்றார் நோயல்.

"ஜெராக்ஸ் எடுக்க வந்தவரு."

நோயல் பெருமூச்சு விட்டார். தங்கையின் சம்மதமோ ஓசூர்க்காரர்களின் கோபமோ அவருக்கு அப்போது பெரிதாகப் படவில்லை. "டோரதி, பிரியாணிக்குச் சொல்லியாச்சு. அந்த எட்டுப் பேரையும் சேத்துக் கணக்கு போட்டிருக்கு. மாஸ்டர், உங்க வீட்ல எத்தன பேரு?"

"நானு, தங்கச்சி கேரல், மாப்பிள்ளை யூஜின், ரெண்டு பசங்க. அஞ்சு."

"மூணு கொறையுதே."

கிளெமென்ட்டின் முகத்தில் கவலை வந்தது. இந்த மூன்று பேர் குறைவதால் விஷயம் நின்றுபோகுமோ என்று அவனுக்கு நிஜமாகவே தோன்றிவிட்டது.

டோரதி வாசல் பக்கம் திரும்பினாள். "கோவிந்தப்பண்ணா, நாளைக்கு மதியம் உங்க வீட்ல எத்தன பேரு?"

கோவிந்தப்பா விரல் விட்டு எண்ணினார். "நானு, சரசு, பொண்ணு சுனிதா."

"சரியா வந்துடுச்சு" என்றார் நோயல்.