வீடு 27, சமையலறை, காலை 6:10

தான் எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்று பதினெட்டு வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தார் கையேட்டுக்காரர். கடைசியில் ஒரு வரி விடாமல் படிக்கிற வாசகர் கிடைத்தபோதுதான் வினை வந்து சேர்ந்தது. காலை ஐந்தே முக்காலுக்கு போன் அடித்தது. ஆபீசில் இரவு ஷிப்டில் இருந்த இன்ஜினியர் பெண்.

"சார், இருபத்தேழாம் நம்பர் உங்க அண்ணன் வீடுதானே?"

"ஆமாம்மா. ஏன்?"

"அங்க இருக்கிற பெட்டி செத்து ஒம்பது நாளாச்சு சார். ஆனா தினமும் ரிப்போர்ட் போயிருக்கு."

வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளில் அசைவை உணரும் பெட்டிகளை வைத்துக் கண்காணிக்கிற கம்பெனி அது. பதிவுகளை அங்கே மனிதர்கள் பார்ப்பதில்லை, ஏஐ ஏஜென்ட்டுகள் பார்க்கும். எந்த வீடு, எந்த அறை, எந்த நேரம் என்று, பதிவுகளை எடுத்துத் தரும் ஒரு மென்பொருள் கருவியிடம் கேட்டு வாங்கி, தினமும் ஆறேகாலுக்கு வீட்டில் இருப்பவருக்கும் உறவினருக்கும் செய்தி அனுப்பும். அந்தக் கருவியிடம் எப்படிக் கேட்பது என்று ஏஜென்ட்டுகளுக்குச் சொல்லித்தரும் கையேட்டை எழுதியவர் இவர்.

கையேட்டுக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டியிருந்தது. கற்பனை செய்யச் சோம்பல். கைக்கெட்டிய நிஜப் பதிவு ஒன்றை அப்படியே ஒட்டிவிட்டார்: 'வீடு 27, சமையலறை, அசைவு, காலை 6:10. எல்லாம் வழக்கம்போல்.' பதிவே வராவிட்டால் என்ன சொல்வது என்பதை மட்டும் எழுதவில்லை. அப்படி ஆனால் யாராவது கூப்பிட்டுக் கேட்கமாட்டார்களா என்ற நினைப்பு. மனிதன் கேட்டிருப்பான். ஏஜென்ட் கேட்கவில்லை. கருவி கையை விரித்தபோதெல்லாம், இந்த வீட்டுக்கு விடை இதுதான் போலிருக்கிறது என்று எடுத்துக்காட்டையே எடுத்து அனுப்பியிருக்கிறது. ஒன்பது நாளும் அதற்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு இவர் பல் துலக்கப் போயிருக்கிறார்.

"அந்த வரிய எடுத்துட்டு, பதிவு இல்லன்னா இல்லன்னு சொல்லச் சொல்லும்மா. இப்பவே."

"எடுத்துடறேன். நீங்க மொதல்ல நேர்ல போய்ப் பாருங்க சார்."

அண்ணன் போனை எடுக்கவில்லை. சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு நடந்தார். வீடு நான்கே தெரு தள்ளி. அந்த நான்கு தெருவை நடக்க நேரமில்லை என்றுதான் பெட்டியையே வைத்தார்.

மூன்றாவது தெருவில் ஓர் எண்ணம் காலைப் பிடித்து இழுத்தது. அண்ணன் எட்டு மணிக்கு முன்னால் எழுந்ததே இல்லை. பள்ளிக்கூட நாட்களிலேயே முகத்தில் தண்ணீர் அடித்துத்தான் எழுப்புவார்கள். அப்படியென்றால் ஆறு பத்துக்குச் சமையலறையில் அசைந்தது யார்? அந்தப் பதிவை எடுத்தது போன வருடம், பெட்டி வைத்த முதல் வாரத்தில். அப்போது அண்ணி உயிரோடு இருந்தார்.

கதவு சாத்தியிருந்தது, தாழிடவில்லை. உள்ளே விளக்கில்லை. "அண்ணே" என்று கூப்பிட்டது இவருக்கே கேட்கவில்லை.

"செருப்பக் கழட்டிட்டு வாடா. சத்தம் போடாத."

செருப்பை உதறிவிட்டுச் சமையலறைக்குள் போனார். அண்ணன் அடுப்புக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஒரு வாரத் தாடி. மேடைமேல் ஒயர் சுற்றிய பெட்டி. பக்கத்தில் கழுவி நிமிர்த்தி வைத்த இரண்டு தம்ளர்கள்.

"பெட்டிய நான்தான் புடுங்கினேன். அதோட பச்ச வெளிச்சம் கட்டில் வரைக்கும் வந்து தூங்க விடல. மறுநாள் மெசேஜ் வருது, சமையலறையில அசைவுன்னு. நான் கட்டில்ல கெடக்கேன், பெட்டி என் தலைமாட்டுல கெடக்கு." அண்ணன் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்த வீட்டுல ஆறு பத்துக்கு எழுந்திருக்கிறது யார்றா?"

"அண்ணே, அது வந்து..."

"அன்னைலேர்ந்து இங்கதான் வந்து உட்கார்றேன். ஒண்ணும் தெரியல. நான் கண்ணச் சிமிட்டுற நேரத்துல வந்துட்டுப் போறாளோ என்னமோ. எப்பவும் அவ வேகம் அப்படித்தானே."

சுவர்க் கடிகாரம் ஆறு ஒன்பதைக் காட்டியது. சொல்ல வேண்டியதெல்லாம் இவர் நாக்கு நுனியில் இருந்தது. அந்த வரியை ஒட்டியது இவர் கை. எடுக்கச் சொன்னது இவர் வாய். ஆனாலும் ஆறு பத்து ஆனபோது இவரும் அடுப்பைத்தான் பார்த்தார். ஃபிரிட்ஜ் ஒருமுறை குலுங்கி அடங்கியது. இருவரும் கண்ணைச் சிமிட்டவில்லை.

ஆறேகாலுக்கு இரண்டு போன்களும் ஒன்றாக அதிர்ந்தன. அண்ணன் உரக்கப் படித்தார். "வீடு இருபத்தேழு, சமையலறை, பதிவு இல்லை." இன்னொரு தரம் மனசுக்குள் படித்தார். "ரெண்டு தடியனுங்க குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கோம். ஒருத்தரும் இல்லையாமே."

"இத்தன நாள் வந்தது அண்ணியோட பழைய பதிவுண்ணே. நான்தான் கையேட்டுல ஒட்டி வச்சேன். இன்னைக்குத்தான் எடுக்கச் சொன்னேன்."

அண்ணன் திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்தார். தம்பியின் சட்டையில் வெளியே தெரிந்த தையலைப் பார்த்தார்.

ஒரு வருடமாக 'எப்படி இருக்கீங்க' என்று இவர் அனுப்பியதற்கெல்லாம் 'ஓடுது' என்றே பதில் வந்திருக்கிறது. எதிரே உட்கார்ந்து கேட்டதில்லை.

"நல்லா இருக்கீங்களாண்ணே?"

வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்தார்கள். மூன்றாவது உதையில் கிளம்பியது.

"இல்லடா," என்றார் அண்ணன். "நல்லா இல்ல."

ஜன்னல் வெளிச்சம் மேடைக்கு வந்திருந்தது. இரண்டாவது தம்ளர் இருவருக்கும் நடுவில், யாரும் தொடாமல் நின்றது.