கார்புரேட்டருக்கு ஆள் தெரியும்

“செல்ஃப் அடிக்காதீங்க! சாவியை விடுங்க!”

கத்திக்கொண்டே மூக்கன் வாளியிலிருந்து ஈரச் சாக்கை உருவினான். திறந்து கிடந்த கார்புரேட்டரின் வாயிலிருந்து முழ உயரத்துக்கு நெருப்பு எழும்பி நின்றது. சாக்கை விரித்துப் போட்டு இரண்டு கையாலும் அமுக்கினான். புஸ்ஸென்று அடங்கியது. முழங்கை மயிர் பொசுங்கிய நாற்றம் கொட்டகை முழுக்கப் பரவியது.

“பெயிண்ட்! டேய், பெயிண்ட்ல சாக்கு உரசுது பாரு!”

அலறியவர் வண்டிக்காரர். பழைய கார் சங்கத்தின் செயலாளர். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தது அவருடைய மனைவி. நெருப்புக்கும் அவளுக்கும் நடுவில் தூக்கி நிறுத்திய பானட் மட்டும்தான் இருந்தது. செயலாளர் கைக்குட்டையை எடுத்து மட்கார்டின் விளிம்பைத் துடைத்தார். குனிந்து பார்த்து மறுபடி துடைத்தார். நிமிர்ந்தபோதும் மனைவி பக்கம் திரும்பவில்லை. மூக்கனைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“சொன்னேன்ல? இவ கால் வச்சா அடைச்சுக்கும். அதை உனக்குக் காட்டத்தான் உக்கார வச்சேன்.”

அவள் தானே கதவைத் திறந்து இறங்கி, யாருக்கும் இடைஞ்சலில்லாமல் சுவரோரமாக, டயர் அடுக்குக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். அப்படி நின்று பழகிய உடம்பு என்று பார்த்தாலே தெரிந்தது.

மூக்கன் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. வண்டி வாசலில் நுழையும்போதே எந்த ரப்பர் கருகுகிறது, எந்தக் குழாய் கசிகிறது என்று மோந்து சொல்லிவிடுவான் என்பதால் ஒட்டிக்கொண்டது. அந்த மூக்கு இன்றைக்குப் பெட்ரோலையும் பொசுங்கலையும் தாங்கிக்கொண்டது. செயலாளர் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டபோது அடித்த செண்ட் வாசனையைத்தான் தாங்க முடியவில்லை. ஆனாலும் சிரித்து வைத்தான். சங்கத்து வண்டிகளில் பாதிக்கு மேல் இந்தக் கொட்டகையை நம்பி ஓடின. கொட்டகை அந்த வண்டிகளை நம்பி ஓடியது. இவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வயரிங் வேலை பார்க்கும் மச்சான், மூக்கன் மனைவியின் தம்பி, இடையில் புகுந்தான்.

“பேசாம இதைக் கழட்டிட்டு பெட்ரோல் இன்ஜெக்‌ஷனுக்கு மாத்திடலாம் சார். பாக்க கார்புரேட்டர் மாதிரியே இருக்கும். மேல மூடி போட்டுட்டா உங்க சங்கத்துல ஒருத்தருக்கும் தெரியாது. மிதிக்க வேணாம், சோக் இழுக்க வேணாம். சாவியைத் திருப்பினா கிளம்பிடும்.”

“யார் திருப்பினாலுமா?”

டயர் அடுக்குப் பக்கமிருந்து வந்தது கேள்வி. செயலாளர் வாய்விட்டுச் சிரித்தார்.

“பாத்தியா, மகாராணி வாயைத் திறந்துட்டாங்க! அதான் மூக்கா எனக்குப் பிடிக்காதது. இன்ஜெக்‌ஷன்னா எந்தக் கழுதை திருப்பினாலும் கிளம்பும். கார்புரேட்டருக்கு ஆள் தெரியும். இங்க பாரு.”

உட்கார்ந்தார். ஆக்சிலேட்டரைத் தரையோடு தரையாக ஒரே அழுத்தாக அழுத்தி, காலை எடுக்காமல் சாவியைத் திருப்பினார். எஞ்சின் நாலு முறை இருமி, கரும்புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. மேடையில் நிற்பவர் போல நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார்.

“கார்புரேட்டர்தான். சுத்தம் பண்ணிக் குடு. வேற பேச்சே கிடையாது.”

மறுநாள் கார்புரேட்டரைப் பிரித்தார்கள். கிண்ணத்துக்குள் பழைய பெட்ரோல் கெட்டித்து, சளி மாதிரி பழுப்பாக ஒட்டியிருந்தது. மூக்கன் அதை வழித்துப் போட்டுவிட்டு பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். அதன் நாக்குத் தகடு கீழ்ப்பக்கமாக வளைந்திருந்தது. போன தடவை அதை நிமிர்த்தியது அவன்தான். அதற்கு முந்தின தடவையும்.

“மாமா, இது தானா வளைஞ்சதில்ல. குறடோட பல்லு பதிஞ்சிருக்கு,” என்றான் மச்சான். “சொந்த வண்டியைப் போய் எவனாவது கெடுப்பானா? கிறுக்கா அந்த ஆளுக்கு?”

மூக்கனுக்கு நேற்று ஆக்சிலேட்டரை அழுத்திய செயலாளரின் கால் ஞாபகம் வந்தது. தகடு வளைந்தால் பெட்ரோல் மட்டம் ஏறும், வழிந்து எஞ்சினை நனைக்கும். பதறுகிறவர்கள் விட்டு விட்டு மிதிப்பார்கள். ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே பீச்சும். பதறாமல், விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாகப் பிடித்திருக்கிறவனுக்கு மட்டும் கிளம்பும்.

“கிறுக்கெல்லாம் இல்லடா. பூட்டு போட்டு வச்சிருக்கான்.”

செயலாளரை அவன் மரியாதை இல்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை. பேசியபிறகு வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டான். அதுவும் அவனுக்கே அசிங்கமாக இருந்தது.

வாசலில் செயலாளரின் மனைவி நின்றிருந்தாள்.

“அவர் அடுத்த தெருவுல பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்துட்டு உக்காந்திருக்கார். சீக்கிரம் போயிடணும். இன்ஜெக்‌ஷனே போடுங்கண்ணே.”

“சார் வேணாம்னுட்டாரே, மேடம்.”

“அதனாலதான் கேக்கறேன்.”

“இதை நிமிர்த்தினாலே போதும்மா. யாரோ வளைச்சிருக்காங்க...”

“யாரோ இல்ல. ஞாயித்துக்கிழமை உக்காந்து வளைச்சார். டார்ச் பிடிச்சது நான்தான். கை ஆடாம பிடின்னார். என்ன பண்றார்னு அப்ப எனக்குத் தெரியாது. நீங்க நிமிர்த்தினா அவர் திரும்ப வளைப்பார்.”

மூக்கன் கையிலிருந்த மிதவையைக் கீழே வைத்துவிட்டு, பழந்துணியில் விரல்களைத் துடைத்தான். பிசுக்கு போகவில்லை.

“புதுக் காரோட சாவி அவர் பாக்கெட்டை விட்டு வெளிய வராது. இந்த வண்டி சாவி மட்டும் ஹால்ல ஆணியில தொங்கும். யார் வேணா எடுக்கலாம்,” என்றாள். “ஒரு தடவை கிளம்பினா போதும்ண்ணே. அதுக்கப்புறம் அவருக்குத் தெரிஞ்சா தெரியட்டும்.”

மச்சான் ஏற்கெனவே அலமாரியின் மேல்தட்டிலிருந்து இன்ஜெக்‌ஷன் பெட்டியை இறக்கிவிட்டிருந்தான். “இதுல குறடு போட்டு வளைக்க ஒண்ணுமே இல்ல மாமா,” என்றான், மூக்கனின் முகத்தைப் பார்க்காமல்.

மூக்கன் சங்கத்து வண்டிகளை நினைத்தான். உள்ளே திரும்பாமல் ஒன்றன்பின் ஒன்றாக வாசலைத் தாண்டிப் போவது கண்ணுக்குள் தெரிந்தது.

“எதுக்கும்மா வண்டி? பஸ் ஸ்டாண்டு பக்கத்துலதான். இப்பவே இவன் கொண்டு போய் விட்டுடுவான். அவர் வாயை மூடறதுக்குள்ள ஊரைத் தாண்டிடலாம்.”

அவள் தலையை ஆட்டினாள். “எங்க ரெண்டு பேரையும் சேர்த்து வெளிய கூட்டிட்டு வர மாட்டார்.”

“ரெண்டு பேரா?”

“போன மாசம், அவர் குளிச்சிட்டிருந்தப்ப கிளம்பினேன். பின் சீட்ல படுக்க வச்சு மேல போர்வை போட்டேன். சாவியைத் திருப்பினேன். கிளம்பல. மிதிச்சேன்.”

சொல்லச் சொல்ல அவளுடைய வலது கால் செருப்போடு சிமென்ட் தரையை அழுத்தியது. எடுத்து, மறுபடி அழுத்தியது. அது அவளுக்குத் தெரியவில்லை.

“ஈரத் துண்டோட வந்து கண்ணாடியைத் தட்டினார். சிரிச்சுக்கிட்டே, எங்க கிளம்பியாச்சுன்னு கேட்டார். நான் பதில் யோசிக்கறதுக்குள்ள பின்னாடி போர்வை விலகிச்சு. ‘அம்மாவை ஒண்ணும் பண்ணாதீங்கப்பா, நான்தான் ஒரு ரவுண்டு போலாம்னு கேட்டேன்’னா என் பொண்ணு.”

கால் நின்றது.

“ஆறு வயசுண்ணே. அந்தப் பொய்யை நான் சொல்லிக் குடுக்கவே இல்ல.”