ஐந்து நிமிஷத்துக்கு மூன்று லட்சம் வருஷம்

"கையை எடும்மா! நசுங்கினா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்!"

யூனிஸ் கம்பிக் கதவை இழுத்து மூடப் பார்த்தாள். கதவு அசையவில்லை. வெளியிலிருந்து ஐந்து விரல்கள் அதை இறுக்கிப் பிடித்திருந்தன. விரல்களுக்குப் பின்னால் மூச்சு வாங்க நின்றவள் கனகவல்லி. கையுறைக் கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் தற்காலிக வேலை.

"மேடம், என் வாட்ச்ல எட்டு மணிக்கு இன்னும் மூணு நிமிஷம் கீது மேடம்!"

"உள்ளே திரும்பிப் பாரு."

டைம் ஆபீஸ் சுவரில் பெண்டுலக் கடியாரம் எட்டு மணி இரண்டு நிமிஷம் காட்டியது. அவ்வளவுதான், விவகாரம் முடிந்தது. தாம்பரம் சானடோரியத்தில் அந்தக் கம்பெனி ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் கடியாரம்தான் சட்டம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் கடியாரக்காரரைத் தவிர வேறு யாரும் அதன் முள்ளைத் தொடக்கூடாது. பதினோரு வருஷமாக டைம் கீப்பராக இருக்கும் யூனிஸே தொட மாட்டாள். திங்கள்கிழமை காலையில் சாவி கொடுப்பாள், தன் கைக்கடியாரத்தை அதைப் பார்த்துத் திருத்திக்கொள்வாள். அதோடு சரி.

மற்றவர்களுடைய வாட்ச்செல்லாம் அவள் கணக்கில் பொம்மை. எதிர் டீக்கடை ஏழுமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். டீ குடித்தவன் பேப்பரை விரித்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது என்று, கடைக் கடியாரத்தை வேண்டுமென்றே ஐந்து நிமிஷம் முன்னால் ஓட விட்டிருக்கிறான். ஊரில் நேரம் அந்த லட்சணத்தில் இருந்தால் ஒருத்தர் கறாராக இருந்துதானே ஆகவேண்டும்?

"உள்ளே வா. இது ஆறாவது லேட். தெரியுமில்ல?"

தெரியாமலா? ஒரே மாதத்தில் ஆறு லேட் என்றால் தற்காலிக ஆளை நிறுத்திவிடுவார்கள். இன்று ஜனவரி இருபது. இன்னும் பதினோரு நாள் தாண்டினால் கனகவல்லிக்கு வேலை நிரந்தரம் ஆகியிருக்கும். கூடுவாஞ்சேரியிலிருந்து இரண்டு வருஷமாக ரயிலேறி வந்ததெல்லாம் அந்த ஒரு தேதிக்காகத்தான்.

யூனிஸ் ரிஜிஸ்டரைத் திறந்து சிவப்பு மையால் ஒரு சுழி போட்டாள். பக்கம் முழுக்க சிவப்பு. டிசம்பரைவிட மூன்று பங்கு. புது வருஷம் பிறந்ததும் ஊருக்கே திமிர் பிடித்துவிட்டது! எவனைக் கேட்டாலும், 'என் வாட்ச்ல சரியா இருந்துச்சு மேடம்.' கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

"மேடம், நா ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க." கனகவல்லி ரவிக்கைக்குள்ளிருந்து நாலாக மடித்த பேப்பர் துண்டை எடுத்து மேஜையில் விரித்தாள். "டிசம்பர்லயும் இதே டிரெயின்தான். இதே நடைதான். ஒரு நாள் லேட் இல்ல. உங்க கடியாரம் தப்புன்னு நா சொல்ல மாட்டேன். என் வாட்ச்சும் தப்பில்ல, ஸ்டேஷன் கடியாரத்தோட டெய்லி பாத்துக்கினுதான் வரேன். அப்போ இன்னாதான் தப்பு?"

"என்ன தப்பு?"

"பூமி மேடம்."

யூனிஸ் பேனாவைக் கீழே வைத்தாள்.

"படிச்சுப் பாருங்க. சுனாமி வந்துச்சே, அன்னிக்கு சுமத்ராவுல வந்த பூகம்பத்துல பூமியோட கனமெல்லாம் கொஞ்சம் உள்ள எறங்கிடுச்சாம். தட்டாமாலை சுத்தும்போது கைய விரிச்சா மெதுவா சுத்துவோம், உடம்போட ஒட்டிக்கினா வேகமா சுத்துவோம் இல்ல? அதே மாதிரி பூமி வேகமா சுத்துதாம். நாள் சின்னதாயிடுச்சு மேடம். நா இன்னா பண்ணுவேன்?"

"ஆண்டவரே!" யூனிஸ் நெற்றியில் கைவைத்தாள். பஸ் பஞ்சர், மாமியாருக்குக் காய்ச்சல், பெருங்களத்தூர் டிராஃபிக் எல்லாம் கேட்டாயிற்று. பூமியையே சாட்சிக் கூண்டில் ஏற்றியவள் இவள்தான்.

செய்தி என்னவோ நிஜம்தான். படித்தாள். படித்ததும் எரிச்சல் இரண்டு மடங்கானது. கால்குலேட்டரை இழுத்துப் படபடவென்று தட்டினாள்.

"எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பாத்தியா? ஒரு செகண்டைப் பத்து லட்சம் துண்டா வெட்டினா, அதுல மூணு துண்டுகூட இல்ல! அதுவும் கணக்குப் போட்டுச் சொன்னதுதான், அளந்து பார்த்தது இல்ல. உன் வாட்ச்சுக்கும் இந்தக் கடியாரத்துக்கும் நடுவுல இருக்கிற அஞ்சு நிமிஷம் சேரணும்னா எத்தனை நாளாகும் தெரியுமா? மூணு லட்சம் வருஷம்! அதுவரைக்கும் நீ லேட்டா வந்துகிட்டே இருப்பியா?"

"மூணு லட்சமா?" கனகவல்லியின் குரல் இறங்கிவிட்டது. "அப்போ தப்பு யார் மேலதான் மேடம்?"

யூனிஸ் பதில் சொல்வதற்குள் இன்டர்காம் கத்தியது.

"யூனிஸ் மேடம், ஜன்னல்லேர்ந்து பாத்தேன், கனகவல்லியை நிறுத்துற லெட்டர் அனுப்பிட்டேன்." மேனேஜர் பிரசன்னா. "நீங்க ஒரு கையெழுத்து, வாட்ச்மேன் சாட்சிக் கையெழுத்து. அப்படியே அனுப்பிடுங்க. இன்னிக்கு ஒரு ஆளை அனுப்பினாத்தான் மத்தவங்களுக்கு புத்தி வரும்."

லெட்டர் வந்தது. யூனிஸ் கையெழுத்துப் போட்டாள். கனகவல்லி அழவில்லை. பேப்பர் துண்டை மடிப்புக் கலையாமல் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"துலுக்காணம்! இங்க வாங்க!"

ராத்திரியும் பகலும் கேட்டே கதியென்று கிடக்கும் வாட்ச்மேன் துலுக்காணம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"இங்க போடுங்க. 'கம்பெனி கடியாரப்படி கேட் எட்டு மணிக்கு மூடப்பட்டது, இவர் அதற்குப் பின் வந்தார்.' அவ்வளவுதான்."

துலுக்காணம் பேனாவை வாங்கினார். லெட்டரைப் பார்த்தார். கனகவல்லியைப் பார்த்தார். சுவரில் ஆடிக்கொண்டிருந்த பெண்டுலத்தைப் பார்த்தார். பேனா மட்டும் இறங்கவில்லை.

"என்ன, பேர் மறந்துபோச்சா?"

"இந்தப் பொண்ணுக்கு வேல பூடுமா மேடம்?"

"போகாம? நேரத்துக்கு வரலைன்னா?"

அவர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். "சொன்னா என் வேலயும் பூடும். பரவால்ல. கிறிஸ்மஸுக்கு மறுநாள் ஞாயித்துக்கெழம, லீவு, நா மட்டும்தான் இருந்தேன். காலீல ஆறரை இருக்கும். கட்டிலு தொட்டிலு மாதிரி ஆடிச்சு. எழுந்து ஓடியாந்து பாத்தா இந்தப் பெண்டுலம் நின்னுபூட்டுது. திங்கக்கெழம வந்து நீங்க கத்துவீங்கன்னு பயந்துகினு, நாந்தான் தட்டிவுட்டு முள்ளைத் திருப்பி வெச்சேன்."

யூனிஸின் பார்வை தன் கைக்கடியாரத்தில் விழுந்தது. அப்படியே பக்கம் நிறைந்த சிவப்புச் சுழிகளுக்குப் போனது.

"எதைப் பார்த்து வெச்சீங்க?"

"எங்கிட்ட ஏது மேடம் வாட்ச்சு?" துலுக்காணம் கம்பிக் கதவுக்கு வெளியே கையைக் காட்டினார். "அதோ, ஏழுமலை டீக்கடை கடியாரத்தப் பாத்துதான்."