நம்பரை மாத்திடாதக்கா

முதல் அழைப்பு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தது. கண்ணாடிக் கடையின் பின்பக்க மேசையில் உட்கார்ந்து, ஒரு வாத்தியாரின் மூக்குக்கண்ணாடிக்கு எள்ளளவு திருகாணி ஒன்றைப் போட்டு முடுக்கிக்கொண்டிருந்தாள் அவள். போன் அதிர்ந்ததில் கை நழுவி, திருகாணி தெறித்து எங்கோ போய்விட்டது.

"அலோ, எங்க வீட்டு டேங்க் நிறைஞ்சு வழியுது. வண்டி எப்ப வரும்?"

"ராங் நம்பருங்க."

"லாரியில இந்த நம்பர்தான் போட்டிருக்கு. ஒவ்வொரு நம்பரா பார்த்துத்தான் அடிக்கிறேன்."

"இது கண்ணாடிக் கடைங்க."

"கண்ணாடிக் கடைக்காரங்க எதுக்குங்க கழிவுநீர் லாரி ஓட்டுறீங்க?" என்று கேட்டுவிட்டு அந்த ஆள் வைத்துவிட்டார்.

அன்று மட்டும் ஒன்பது பேர் கூப்பிட்டார்கள். மறுநாள் பதினான்கு. ஒருவர் அழாத குறையாகக் கெஞ்சினார், வீட்டில் விசேஷமாம். ஒருவர் எடுத்த எடுப்பிலேயே திட்டினார், நேற்று வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஏன் வரவில்லை என்று. ஒரு பெண்மணி தன் வீட்டுக் கழிவறையில் என்னென்ன மேலே வந்து மிதக்கிறது என்று ஒன்றுவிடாமல் விவரித்தாள். அப்போது இவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள்.

"ஏம்மா, தெரியாத நம்பர்னா எடுக்காம விட்டுட வேண்டியதுதானே?" என்றார் முதலாளி. நல்ல மனிதர்தான். ஆனால் வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்து அளவு பார்க்கும்போது போன் அடித்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

எடுக்காமல் விட முடியாது. அதற்குக் காரணம் அவளுடைய தம்பி.

சின்னவன் என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளோடுதான் இருந்தான். கண் பார்வை மைனஸ் ஒன்பது. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது அக்காவா கதவா என்று தெரியாது. ஒரே வருடத்தில் மூன்று வேலை மாறினான். மூன்றாவது வேலையும் போய் இரண்டு மாதம் சும்மா இருந்தபோது, ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் அவள் கணவர், "தண்டச்சோறு" என்று சொல்லிவிட்டார். மெதுவாகத்தான் சொன்னார். அவள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சின்னவன் கை கழுவிவிட்டு எழுந்து போனான்.

ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு நம்பரிலிருந்து கூப்பிட்டான். பின்னால் ஒரே வண்டிச் சத்தம்.

"அக்கா, நல்லாத்தான் இருக்கேன். ஒரு நிலைமைக்கு வந்ததும் நானே கூப்பிடுறேன். நீ நம்பரை மட்டும் மாத்திடாதக்கா. எனக்கு இது ஒண்ணுதான் மனப்பாடம்."

அவ்வளவுதான். அந்த நம்பரைத் திரும்பக் கூப்பிட்டபோது அணைத்து வைத்திருந்தது. பிறகு அந்த நம்பரே புழக்கத்தில் இல்லை என்றது. அது நடந்து ஐந்து வருடம்.

ஆகவே தெரியாத நம்பர் எது அடித்தாலும் அவள் எடுத்தாள்.

பத்தாவது நாள் ஒரு சிக்னலில் அந்த லாரியை நேருக்கு நேர் பார்த்தாள். தொட்டியின் வயிற்றில் ஆளுயரத்துக்கு மஞ்சள் எழுத்தில் அவளுடைய நம்பர். ஓட்டுநரிடம் விலாசம் கேட்டுக்கொண்டு, மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனாள்.

ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகை. இரண்டு லாரிகள் நின்றன. தடித்தடியான குழாய்கள் சுருண்டு கிடந்தன. லாரிக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காதில் போனை வைத்திருந்தார். அவள் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து லாரியிடம் போய்த் தன் நம்பரை விரல் வைத்துப் படித்தார். கடைசி எண்ணுக்கு வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"படுபாவி பெயின்டர்! மூணை எட்டாக்கிட்டானேம்மா! நானும் பார்க்கிறேன், பத்து நாளா போனே வரலை. தொழிலே படுத்துடுச்சுன்னு நினைச்சேன்."

"சீக்கிரம் மாத்திடுங்கண்ணே. வேலை செய்ய முடியலை."

"லாரியை மாத்திடலாம் தங்கச்சி. ஸ்டிக்கரை என்ன பண்றது?"

"என்ன ஸ்டிக்கர்?"

அந்தப் பெயின்டர் எழுதியதைப் பார்த்தே அச்சடிக்கக் கொடுத்தாராம். ஐயாயிரம் ஸ்டிக்கர். ஊரில் உள்ள கம்பம், சுவர், மாடிப்படி அடி எல்லாவற்றிலும் ஒட்டியாகிவிட்டது.

"நீங்க நம்பரை மாத்திக்கக் கூடாதா?" என்றார் அவர்.

"முடியாதுண்ணே."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. சற்று யோசித்துவிட்டு, "அப்ப ஒண்ணு செய்யுங்க. கூப்பிடுறவங்ககிட்ட கடைசியில எட்டு இல்லை, மூணுன்னு சொல்லிடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளும் மகளும் கடையிலிருந்து எடுத்துவந்த சுரண்டும் கத்தியோடு தெருத்தெருவாகப் போனார்கள். மகள் பத்தாம் வகுப்பு. அம்மாவோடு கம்பம் சுரண்டுவதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொண்டாள். மத்தியானத்துக்குள் நாற்பத்திரண்டு ஸ்டிக்கரைச் சுரண்டினார்கள். நகக்கண் எரிந்தது. நாற்பத்து மூன்றாவதில் ஒரு மனிதர் ஓடிவந்தார்.

"ஏம்மா, கிழிக்காதீங்க! அந்த நம்பர் எனக்கு வேணும்!"

"தப்பான நம்பருங்க அது."

"தப்போ ரைட்டோ, எங்க தெருவுக்கு இது ஒண்ணுதாம்மா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் போனை எடுத்து அடித்தார். அவள் கைப்பையில் மணி அடித்தது. மகள் சிரித்துச் சிரித்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றோடு சுரண்டுவதை விட்டுவிட்டாள். ஐயாயிரத்தில் நாற்பத்திரண்டு போனால் என்ன மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கக்கூட மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஒரு வழக்கத்துக்கு வந்தாள். போன் அடிக்கும். நெஞ்சு ஒருமுறை தூக்கிப் போடும். எடுப்பாள். "டேங்க்" என்ற சொல் காதில் விழுந்ததும் நெஞ்சு பழைய இடத்துக்கு வரும். "கடைசியில எட்டு இல்லைங்க, மூணு" என்பாள். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை இது நடந்தது.

ஒரு நாள் அவள் கணவர் பொறுக்கமாட்டாமல் கத்தினார். பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர் அவர். விடிவதற்கு முன்பே எழுந்து போகிறவர்.

"ஊர்ல இருக்கிற கக்கூஸுக்கெல்லாம் நீயா பொறுப்பு? மனுஷன் ஒரு வாய் நிம்மதியா சாப்பிட முடியலை. இன்னைக்கே நம்பரை மாத்து. அவன் கூப்பிடுறதா இருந்தா இந்த அஞ்சு வருஷத்துல..."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் பாதியில் நிறுத்திக்கொண்டு தட்டைப் பார்த்துக் குனிந்தார். அந்த வீட்டில் சின்னவன் பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்த இடத்தில் வந்துதான் நின்றுபோகும். அதற்கு மேல் ஒரு படி எடுத்துவைக்க இருவருக்குமே தைரியம் இல்லை.

மழைக்காலத்தில் அவர்கள் வீட்டிலேயே கழிவுநீர் ஏறியது. மூன்று மாடிக் கட்டடம், அவர்களுடையது கீழ் வீடு. மேலே யார் தண்ணீர் ஊற்றினாலும் இவர்கள் குளியலறையின் சாக்கடை வாயில் குமிழிவிட்டுக் கறுப்பாகப் பொங்கியது. கணவர் வேனோடு போயிருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில். அவள் மாடி வீட்டு அம்மாவிடம் ஓடினாள்.

"ஒரு மணி நேரம் தண்ணி ஊத்தாதீங்கக்கா. எங்க வீட்டுக்குள்ள வருது."

"எங்களுக்கு ஒண்ணும் தெரியலையேம்மா, நல்லாத்தானே போகுது" என்றாள் அந்த அம்மாள்.

லாரிக்காரரைக் கூப்பிட்டாள். "இன்னைக்கு முடியாது தங்கச்சி. ஏழு இடம் இருக்கு, நாளைக்கு அஞ்சு. எல்லாம் நீங்க அனுப்பி வச்சதுதான்" என்றார். சிரிக்கவில்லை. அவருக்கே சங்கடமாக இருந்தது குரலில் தெரிந்தது. "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள எப்படியாவது உங்க வீட்டுக்கு வரச் சொல்றேன்."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மக்கில் அள்ளி வாளியில் ஊற்றி, வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே கொட்டினாள். நாற்றம் கண்ணைக் கரித்தது. அறை வாசலில் பழைய துணிகளைச் சுருட்டி அணைபோட்டாள். அது கரைகட்டி நிற்காமல் கசிந்துகொண்டே இருந்தது. அப்போது கூடத்தில் போன் அடித்தது.

முழங்கை வரை கறுப்பு. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. ஊரில் எவனுக்கோ டேங்க் நிறைந்துவிட்டது, நிறையட்டும் என்று நினைத்தாள். அந்த வருடத்தில் அப்படி நினைத்தது அது ஒரு முறைதான். மூன்றாவது முறை அடித்தது. நான்காவது முறை அடித்தபோது வாளியை வைத்துவிட்டு எழுந்தாள். குழாயடியில் கை கழுவி முடிப்பதற்குள் நின்றுவிட்டது.

உடனே திரும்பக் கூப்பிட்டாள்.

"இது மருந்துக் கடைங்க" என்றது ஒரு குரல். "ஒருத்தர் தன்னோட போன்ல சார்ஜ் இல்லைன்னு என் போனை வாங்கினார். நாலு தடவை அடிச்சார். நீங்க எடுக்கலை. போயிட்டார்."

"எந்த ஊருங்க?"

அவர் ஊர்ப் பெயரைச் சொன்னார். பஸ்ஸில் ஏழு மணி நேரம். லாரிகள் அவ்வளவு தூரம் போவதில்லை.

"அவர் எப்படி இருந்தார்? கண்ணாடி போட்டிருந்தாரா? கனமான கண்ணாடி?"

"கண்ணாடி... போட்டிருந்த மாதிரிதான் இருந்துச்சு. நான் மாத்திரை எடுத்துக்கிட்டிருந்தேம்மா, சரியா பார்க்கலை."

"ஏதாவது சொன்னாரா? டேங்க், லாரின்னு ஏதாவது?"

"ஒண்ணும் சொல்லலை. நம்பரைப் பார்க்காமலே அடிச்சார்."

அவள் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நம்பரைப் பார்க்காமல் அடித்தான் என்றால், மனப்பாடம்.

லாரி வந்தால் பார்த்துக்கொள்ள மகளை வீட்டில் விட்டுவிட்டு, மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் அவளும் கணவரும் போனார்கள். அவள் கூப்பிடவில்லை; அவராகவே வேனுக்கு வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். மருந்துக் கடைக்காரர் சின்னவனின் புகைப்படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இதுல சின்னப் பையனா இருக்காரே."

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எடுத்ததுங்க."

"என்ன வாங்கினார்?" என்று கேட்டார் கணவர். ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"எதுவும் வாங்கலைங்க. மாத்திரை விலை கேட்டார். அப்புறம் போன் கேட்டார்."

அதைக் கேட்டு அவர் முகம் போன போக்கை அவள் பார்க்காமல் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பக்கத்துக் கடைகளில் காட்டினார்கள். பஸ் நிலையத்தில் காட்டினார்கள். யாருக்கும் தெரியவில்லை. கணவர் ஒரு சுவரோரம் நின்று, தன் பக்கம் வந்த ஒவ்வொரு ஆளையும் கண்ணாடி போட்டிருக்கிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். மாலை வரை அப்படி நின்றார். பிறகு, "நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார்.

"நானும் சும்மாதானே நின்னேன்" என்றாள் அவள்.

ஐந்து வருடமாகச் சொல்லாததைச் சொல்லியாகிவிட்டது. அதனால் எந்த பாரமும் இறங்கிவிடவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்கள். மருந்துக் கடைக்காரரிடம் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். பஸ் ஏறியதும் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அம்மா, லாரி நம்பர்தானே? எங்க வீட்ல..."

"கடைசியில எட்டு இல்லைங்க, மூணு."

அந்த மருந்துக் கடையிலிருந்து எந்தத் தகவலும் வரவில்லை. மாதம் ஒருமுறை அவளே கூப்பிட்டுக் கேட்டாள். ஆறாவது மாதம் கடைக்காரர், "இனி வந்தா நானே சொல்றேம்மா" என்றார். அதற்குப் பிறகு கூப்பிடக் கூச்சமாக இருந்தது.

அடுத்த வருடம் ஊர் முழுக்கத் தெருவைத் தோண்டிப் பாதாளச் சாக்கடைக் குழாய் பதித்தார்கள். டேங்க்குகள் மூடப்பட்டன. லாரிக்காரர் இரண்டு லாரிகளையும் விற்றுவிட்டு, கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். வந்த கையோடு படிக்கிற கண்ணாடி ஒன்றும் போட்டுக்கொண்டார். கம்பங்களில் ஸ்டிக்கர்கள் வெளுத்து உரிந்தன. பதினைந்து அழைப்பு பத்தாகி, நான்காகி, வாரத்துக்கு ஒன்றாகி, பிறகு அதுவும் நின்றது. கீழ் வீட்டுச் சாக்கடை மட்டும் மழை வலுத்தால் இப்போதும் ஏறுகிறது. புதுக் குழாயில் தண்ணீர் சரிந்து ஓட வாட்டம் போதவில்லையாம்.

"அப்பாடா, உன் போன் தொல்லை ஒழிஞ்சுது" என்றார் முதலாளி.

அவள் தலையாட்டினாள். திருகாணிகள் இப்போது தெறிப்பதில்லை. ஒரு நாளில் முன்பைவிட ஐந்தாறு கண்ணாடி கூடுதலாக முடிக்கிறாள். இடையிடையே போனை எடுத்து, சிக்னல் இருக்கிறதா, ஒலி குறைந்திருக்கிறதா என்று பார்க்கிறாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஒருநாள் மத்தியானம் லீவில் வீட்டிலிருந்த மகளுக்குப் போன் செய்து, "ஒரு தடவை எனக்கு அடிச்சுப் பாரு" என்றாள்.

"எதுக்கும்மா?"

"அடிச்சுத்தான் பாரேன்."

அடித்தது. நன்றாகத்தான் கேட்டது. முதலாளி நிமிர்ந்து பார்த்தார். அவள் அதை எடுக்காமல், அடித்து ஓயும்வரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுத்த கண்ணாடியை எடுத்தாள்.