நிக்கானோர் வாசித்த பக்கம்

சவப்பெட்டியில் கிடந்த அப்பாவின் கோத்த கைகளுக்கு அடியில் அந்தத் தடித்த நீலப் புத்தகத்தைச் செருகப் பார்த்தாள் டெல்பினா. விறைத்த விரல்கள் இடம் கொடுக்கவில்லை. காலடியில் வைத்துத் துணியை இழுத்து மூடிவிடலாம் என்று அவள் குனிந்தபோது, நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ருபியேலா காப்பித் தட்டோடு உள்ளே வந்தாள்.

“அக்கா, அது நூலகத்துப் புத்தகம். மண்ணுக்குள்ள அனுப்ப முடியாது.”

“அவருக்கு ரொம்பப் பிடிச்சதுடி.”

“அதனாலதான் வேணும். மூடுறதுக்கு முன்னாடி வாசிக்கணும்ல?”

ஆற்றங்கரை நூலகத்தின் வழக்கம் அது. சனிக்கிழமை தோறும் யாராவது ஒருவர் தனக்குப் பிடித்த புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் வாசிப்பார். ஊரில் நடந்த ஏதாவது ஒன்றையும் சொல்வார். அவர் இறந்தால், பெட்டியை மூடுமுன் அதே புத்தகத்தை அவர் பக்கத்தில் நின்று வேறொருவர் வாசிக்க வேண்டும். தையற்காரர் போனபோது சமையல் புத்தகத்திலிருந்து மீன் சூப்பு வாசித்தார்கள். அழுதவர்களுக்கெல்லாம் பசி எடுத்துவிட்டது.

டெல்பினாவின் அப்பா, படகோட்டி நிக்கானோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நூலகம் திறந்த புதிதில் அலமாரியிலேயே கனமான புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விரலை வரிவரியாக நகர்த்தி, பெருவெள்ளத்தில் பாதிரியாரையும் கன்றுக்குட்டியையும் ஒரே படகில் ஏற்றிய கதையை ‘வாசித்தார்’. பிறகு எப்போதும் அதே புத்தகம்தான், சங்கதி மட்டும் புதிது. நம் ஊர்க் கதை அச்சிலேயே வந்துவிட்டது என்று ஜனங்கள் பெருமை பேசினார்கள். அது பன்றிகளுக்கு வரும் நோய்களைப் பற்றிய புத்தகம் என்பது தனக்கு மட்டுமே தெரியும் என்று டெல்பினா நினைத்திருந்தாள். அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தாள், மனசு வரவில்லை. இப்போது செத்த மனிதரை நடுவீட்டில் வைத்துக்கொண்டு ஊர் சிரிக்கப் போகிறது.

வாசிக்க எழுந்தவர் அபுந்தியோ. சவாரிக்காக நிக்கானோரோடு காலமெல்லாம் சண்டை போட்ட இன்னொரு படகோட்டி. அவருக்குப் படிக்கவும் தெரியும், குத்திக்காட்டவும் தெரியும்.

“மாமா, வேண்டாம். நான் ஜெபம் சொல்றேன், அது போதும்.”

“ஜெபத்துக்குப் பாதிரியார் இருக்காரு. நீ உக்காரு புள்ள.”

அவர் புத்தகத்தைப் பிரித்தார். வாயெல்லாம் புண்ணான ஒரு பன்றியின் படம். டெல்பினா தலையைக் குனிந்துகொண்டாள்.

அபுந்தியோ கண்ணாடியை மாட்டித் தொண்டையைச் செருமினார்.

“வெள்ளம் வந்த அன்னிக்கு ஊர்ல ரெண்டு படகு இருந்துச்சு. ஒண்ணு நிக்கானோரோடது. உறுதியானது. இன்னொண்ணு அபுந்தியோங்கிற சோம்பேறியோடது. ஓட்டை.”

வீடு முழுக்கச் சிரித்தது. அப்பா சொல்லும் அதே வார்த்தை, அதே இழுப்பு. அபுந்தியோவின் விரல் பன்றியின் வாயோரமாக நகர்ந்துகொண்டிருந்தது.

“பாதிரியார் செருப்ப ஆத்துல விட்டது எங்க?” என்றது வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

“அது அடுத்த பக்கம். பொறு.”

டெல்பினா ருபியேலாவின் முழங்கையைப் பிடித்தாள். “உங்களுக்கெல்லாம் எப்பலேர்ந்து தெரியும்?”

“மொத நாள்லேர்ந்தே. அலமாரியில அத அடுக்குனதே நான்தானே.”

“ஏன்டி சொல்லல?”

“சொல்லியிருந்தா அடுத்த வாரம் வந்திருப்பாரா?”

டெல்பினாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. இத்தனை வருஷம் இதைத் தனியாகக் கட்டிக்கொண்டு அழுதோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபமும் சுகமாகத்தான் இருந்தது. மூச்சை நன்றாக இழுத்து விட்டாள்.

அபுந்தியோ நடுவில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

“மரத்துக் கிளையில மாட்டிக்கிச்சே ஒரு கழுதை, அது பேரு என்ன? இங்க எழுத்து சரியாத் தெரியல,” என்று புத்தகத்தை அவளிடம் நீட்டினார்.

பன்றிக் காய்ச்சல் பற்றிய எழுத்து பளிச்சென்று இருந்தது.

“கொலோந்திரினா,” என்றாள் டெல்பினா. “கீழ எறக்குன ஒடனே அப்பாவத்தான் மொதல்ல கடிச்சுது.”

“கடிச்சுதா? இத அவர் வாசிக்கவே இல்லியே.”

“அவர் அந்தப் பக்கத்தத் தாண்டிருவாரு மாமா.”

அவள் புத்தகத்தை மடியில் வைத்து, முதல் வரியில் விரலை வைத்தாள். பெட்டியைத் தூக்க வந்திருந்த நாலு பேரும் சுவரோரமாக உட்கார்ந்தார்கள்.