புங்கமரம் குடித்த இடம்

எழுபத்து மூன்றாம் வருஷக் கோடையில் மௌலா அலி ரயில்வே காலனிக் கிணறு வற்றிப்போனது. ஓவர்சியர் வெங்கடகிருஷ்ணன் வந்து எட்டிப் பார்த்தார். குற்றவாளியையும் உடனே கண்டுபிடித்துவிட்டார். கிணற்றோரம் நின்ற புங்கமரம்தான் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிட்டதாம். நாளை மரத்தை வெட்டிக் கிணற்றை மூடிவிடுவது. வாரத்துக்கு ஒரு லாரித் தண்ணீர் வரும். போதாதவர்கள் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிக்கொள்ளலாம். பொய்த்தது மழை, பழி மரத்தின் மேல். எய்தவன் இருக்க அம்பை நோவது இதுதான்.

ஃபிட்டர் ஜகதீசனின் மனைவி மங்கையர்க்கரசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரக்கோணத்துக்கு மூட்டை கட்டினால் மகளின் படிப்பு அதோடு நின்றுவிடும்.

"கெணறு வத்தி ரெண்டு மாசமாச்சு சார். மரம் நம்ம தண்ணியக் குடிச்சிருந்தா அதுவும் காஞ்சிருக்கணுமே? தளிர் விட்டு நிக்குது, பாருங்க. அது வேற எங்கயோ குடிக்குது."

"கைக்கும்மா, எதுக்கு இந்த வீம்பு? யாதய்யாவே தோண்டிப் பார்த்துட்டான். அடியில பாறை. காலையில பத்து மணிக்கு ஆள் வரும்."

மறுநாள் விடிந்ததும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, கிணறு வெட்டும் யாதய்யாவோடு அவளும் கயிற்றைப் பிடித்து இறங்கினாள். பொம்பளை கிணற்றில் இறங்குவதைப் பார்க்கக் காலனியே கூடியது. கூடட்டுமே.

யாதய்யா நடுவில்தான் தோண்டியிருந்தான். அவள் சுவரோரம் பார்த்தாள். தொங்கிய வேர்களெல்லாம் சுள்ளியாகக் காய்ந்திருந்தன. ஒன்று மட்டும் மணிக்கட்டுப் பருமனில் பாறையிடுக்குக்குள் போயிருந்தது. நகத்தால் கீறினாள். பச்சையாக இருந்தது.

"இங்க இடி, யாதய்யா."

"நக்கோ அம்மா, வேணாம், கடப்பாரை உடஞ்சிடும்."

"உடஞ்சா வேற வாங்கித் தரேன்."

மாறி மாறி இடித்தார்கள். அவள் உள்ளங்கை கொப்புளித்தது. கடைசியில் ஒரு பாளம் பெயர்ந்து இடுக்கு வாய் திறந்தது. உள்ளே ஈரமண் தெரிந்தது. ஆனால் வேர் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதை அறுக்காமல் கடப்பாரை நுழையாது.

அதற்குள் மேலே ஓவர்சியரின் குரல் கேட்டது. சொன்னபடி ரம்பத்தோடு ஆளைக் கூட்டி வந்துவிட்டார்.

"சார், அந்த ரம்பத்தை வாளியில வெச்சு எறக்குங்க."

ரம்பம் இறங்கியது. இந்த மரத்துக்காகத்தானே மல்லுக்கு நின்றோம் என்று நினைத்தபடி வேரைத் தடவினாள். "இது ஒண்ணு மட்டும். பொறுத்துக்க," என்று வேரிடம் சொல்லிவிட்டு அறுத்தாள்.

யாதய்யா கடப்பாரையைச் செருகி நெம்பினான். முதலில் சேறு வந்தது. பிறகு விரல் பருமனில் தண்ணீர் வந்து அவர்கள் கணுக்காலை நனைத்தது. "ஹவ் அம்மா, ஆமா, நீங்க சொன்னதுதான் சரி," என்றான் யாதய்யா.

"ஏம்மா, ரம்பத்தைக் கொடு. மரம் வெட்டற ஆள் காத்துட்டிருக்கான்," என்றார் ஓவர்சியர் மேலிருந்து.

மங்கையர்க்கரசி வாளி நிறையச் சேற்றுத் தண்ணீரை மொண்டு மேலே அனுப்பினாள். ரம்பத்தை அனுப்பவில்லை.